“பிளாஸ்டிக் கார் வேண்டாம்!” - வெல்டர் அப்பாவும் ஃபைபர் மகளும்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கன். அதன் வடகிழக்கில் ஹேவ்லாக் என்றொரு பகுதி. நம் திருச்சி பொன்மலையைப்போல ரயில்வே பணிமனையைச் சுற்றி வளர்ந்த இடம். அந்தப் பணிமனையில் 38 வருடங்கள் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். வயது 74. வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில், 1979-ல் ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கிய சேஸிஸ் கிடக்கிறது. வெறும் சேஸிஸ். மேலே பாடி கிடையாது.

1932-ம் வருட ஃபோர்டு காருடையது அது. இடதுபக்க இரும்புச் சட்டத்தின் மேல் ‘18’ என்று தொடங்கும் எண் இன்னும் படிக்கும்படி இருக்கிறது. 18 என்றால் வி-8 இன்ஜின் வண்டி. கம்பெனியிலேயே குத்திய எண் என்பதால், அதைத் துணியால் துடைத்துத் துடைத்தே அவர் 40 வருடங்களுக்கு மேல் ஓட்டிவிட்டார். இடையில் அந்த சேஸிஸின்மேல் தோட்டத்து ஹோஸ் பைப், கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டி, மகளின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் ஏறி இறங்கின. “நல்ல பாடி ஒண்ணு கிடைக்கட்டும்” என்று அவர் சொல்ல ஆரம்பித்தபோது அந்த மகள் பிறக்கவே இல்லை. இப்போது அவருக்கு 41 வயது.

மகளுக்குக் காற்றாலை இறக்கைகளை ரிப்பேர் செய்யும் வேலை. உயரத்தில் கயிற்றில் தொங்கியபடி, மின்னலும் ஆலங்கட்டியும் சேதப்படுத்திய இடங்களைத் தேய்த்து எடுத்து, புதிய கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக ஒட்டி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த இறக்கைகள் ஃபைபர் கிளாஸால் ஆனவை.

அப்பாவுக்கு ஃபைபர் கிளாஸ் என்றால் ‘பிளாஸ்டிக்’. இரும்பில் செய்யாத எதுவும் அவருக்குக் கார் இல்லை.

வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை, இரண்டு வருடங்களுக்கு முன்பு அவருக்குக் கை நடுக்கம் வரும்வரை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. எதையாவது பிடித்து நுணுக்கமாக வேலை செய்யப்போனால் வந்துவிடும். டாக்டர் மாத்திரை கொடுத்தார். காபி குடிக்க அது உதவியது. மெல்லிய தகட்டில் நேர்கோடாக வெல்டிங் வைக்க உதவவில்லை. ‘பாடி கிடைக்கட்டும்’ என்ற வாக்கியத்துக்கு அதன்பிறகு வேறு அர்த்தம் வந்துவிட்டது. கிடைத்தால் யார் சரிசெய்வது?

ஒரு பழைய சேஸிஸுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நமக்குத் தோன்றலாம். அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றாது. 1932 மார்ச் 31 அன்று ஹென்றி ஃபோர்டு தன் வி-8 காரை அறிமுகம் செய்தார். அதுவரை எட்டு சிலிண்டர் என்றால் பணக்காரர்களின் வண்டி. இதை 500 டாலருக்குள்ளேயே வாங்க முடிந்தது. 65 குதிரைத்திறன், சுமார் 3.6 லிட்டர் இன்ஜின். சில வருடங்கள் கழித்து இந்த வண்டிகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தபோது, கலிஃபோர்னியா இளைஞர்கள் அவற்றின் மட்கார்டையும் பம்பரையும் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, இன்ஜினைத் தேற்றி, காய்ந்த ஏரிப் படுகைகளில் பறக்கவிட்டார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘ஹாட் ராட்’ என்ற பெயர் பரவியது. 1948 ஜனவரியில் அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகையும் வந்தது.

1932 மாடலின் உருவம் அந்த ஒரு வருடத்துக்கு மட்டுமே. அடுத்த வருடமே ஃபோர்டு மாற்றிவிட்டது. அதனால்தான் அதற்கு அவ்வளவு கிராக்கி. சீட்டுக்கட்டில் இரண்டாம் எண்ணைக் குறிக்கும் ‘டியூஸ்’ என்று செல்லமாக அழைப்பார்கள். ஜார்ஜ் லூகாஸ் இயக்கி 1973-ல் வந்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தில் ஒரு மஞ்சள் நிற டியூஸ் வரும். அதைத் தியேட்டரில் பார்த்தபோது நம் வெல்டருக்கு 22 வயது. வியாதி அன்றைக்குத் தொற்றியது.

ஆக, ஆசைப்பட்டவர்கள் லட்சம் பேர். மிஞ்சிய கார்கள் கொஞ்சம். மழையிலும் உப்பிலும் துருப்பிடித்துப் போனவைதான் அதிகம். அந்த இடைவெளியில் வந்ததுதான் ஃபைபர் நகல் பாடி. பாடியின் வடிவத்தில் ஓர் அச்சு செய்து, உள்பக்கம் பளபளவென்று மெழுகு பூசி, முதலில் ஜெல்கோட் என்ற பூச்சு, பிறகு கண்ணாடி இழைப் பாய், ரெசின், மறுபடி பாய், மறுபடி ரெசின். காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றினால் பாடி ரெடி. காசிமேட்டில் நிற்கும் ஃபைபர் படகுகளும் இப்படித்தான் பிறக்கின்றன. 1952-ல் இதே லிங்கன் நகரில் தொடங்கிய ஸ்பீட்வே மோட்டார்ஸ் நிறுவனம்கூட ஃபைபர் பாடி வண்டிகளுக்கான கிட் விற்றிருக்கிறது. நம்மவர் அந்தப் பக்கமே திரும்பியதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், சாப்பாட்டு மேஜையில் மகள் மெதுவாக ஆரம்பித்தார்.

“அப்பா, ஒரு ஃபைபர் பாடியைச் சும்மா போய்ப் பார்த்துட்டு வரலாமா?”

“பிளாஸ்டிக் கார் எனக்கு வேண்டாம்.”

“1953-ல வந்த கார்வெட்டே ஃபைபர்தானே? அதுவும் பிளாஸ்டிக் காரா?”

“அது ஃபைபராவே பிறந்தது. எந்தக் காலத்துலயும் இரும்பா இருந்ததில்ல. இது இரும்பு மாதிரி வேஷம் போடுது.”

நியாயமான பதில்தான். மகளும் ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. இப்போது புதிய இரும்புத் தகட்டிலேயே 1932 பாடியை அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். அதற்கு மட்டும் அப்பா ஆசைப்படுகிறாரே, அதுவும் நகல்தானே? அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்துக்கு அது எட்டவில்லை என்பது வேறு விஷயம். எட்டியிருந்தால் வாங்கியிருப்பார். அப்படியானால் நகல் என்பது அவருக்குப் பிரச்னை இல்லை.

“இரும்புன்னா எனக்குத் தெரியும். தட்டினா என்ன சொல்லுதுன்னு தெரியும். அது எனக்குத் தெரியாது” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, “பிளாஸ்டிக்கை நம்பி எப்படி உட்கார்றது?”

மகள் தட்டைத் தள்ளிவைத்தார். “16 வருஷமா அந்த பிளாஸ்டிக்கை நம்பித்தான் காத்துல தொங்கிட்டு இருக்கேன்.”

அதன்பிறகு இருவரும் பேசவில்லை. அம்மாதான் பாத்திரங்களை எடுத்துவைத்தார். ஒரு தொழிலை வீட்டுக்குள்ளேயே ஒருவர் பல வருடங்களாக மட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எல்லோர் காதிலும் விழுந்தது, சொன்னவர் உட்பட. மறுநாள் காலை அப்பா போன் செய்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “சனிக்கிழமை லீவா? எங்கயோ பார்க்கலாம்னு சொன்னியே” என்றார்.

முதலில் பார்த்தது பக்கத்து மாநிலமான அயோவாவில், ஒரு தானியக் கொட்டகைக்குள். யாரோ வாங்கி, முடிக்காமல் போட்டுவைத்திருந்த ஃபைபர் கூப் பாடி. விலை ரொம்பக் குறைவு. அப்பா கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஓரமாக நின்றார். மகளுக்குப் பிடித்தால் என்ன சொல்லி மறுப்பது என்று யோசித்திருப்பார்போல.

மகள் ஒரு 25 சென்ட் நாணயத்தை எடுத்தார். தேங்காய் வாங்கும்போது நாம் தட்டிப் பார்ப்பதைப்போல பாடி முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். டிக் டிக் டிக் என்று கூர்மையாக வந்த சத்தம், முன்கண்ணாடித் தூணுக்குக் கீழே ‘டொக்’ என்று மழுங்கியது. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன, அல்லது காற்றுக்குமிழ். டார்ச் அடித்து உள்பக்கம் பார்த்தார். பாய்களைக் கையால் விரித்து ஒட்டியது அல்ல. இழைகளைத் துண்டு துண்டாக வெட்டி ரெசினோடு சேர்த்துக் கன்னில் பீய்ச்சியது. அந்த முறையே தப்பு என்று சொல்ல முடியாது. அடித்தவரின் கை சீராக இருந்தால் நன்றாகவே வரும். இங்கே ஓரிடத்தில் தடிமனாகவும் இன்னோரிடத்தில் வெளிச்சம் ஊடுருவும் அளவு மெல்லிசாகவும் இருந்தது.

இடுப்புப் பகுதியில் ஓடும் கோடும் மழுங்கலாக இருந்தது. உண்மையான காரிலிருந்து எடுத்த அச்சில் அந்த விளிம்பு கூர்மையாக விழும். ஏற்கெனவே இருக்கும் ஃபைபர் பாடியிலிருந்து இன்னோர் அச்சு எடுத்தால் ஜெராக்ஸின் ஜெராக்ஸ்தான். ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கரையும். இதற்கெல்லாம் மேலே, பாடி பல வருடங்களாக இரண்டு மரக்கட்டைகளின்மேல் கிடந்திருக்கிறது. உள்ளே இரும்புச் சட்டம் எதுவும் இல்லை. ஃபைபரைத் தாங்கல் இல்லாமல் அப்படிப் போட்டுவைத்தால், காலப்போக்கில் தன் எடையிலேயே வளைந்து அதே வடிவத்தில் நின்றுவிடும். வலதுபக்கக் கதவு மூடவில்லை.

“வேண்டாம்ப்பா” என்றார் மகள், நாணயத்தைப் பாக்கெட்டில் போட்டபடி.

திரும்பும் வழியில் அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த டொக் சத்தம் எனக்கும் கேட்டது” என்றார்.

இரண்டாவதாகப் பார்த்தது கேன்சஸ் மாநிலத்தில். இது அப்பாவின் தேர்வு. அசல் 1932 இரும்பு பாடி. படத்தில் வந்த அதே ஐந்து ஜன்னல் கூப். அதைப் பார்த்ததும் அவர் நடையே மாறிவிட்டது என்று மகள் சொல்கிறார். கீழ்ப்பகுதி முழுக்கத் துரு. உள்ளே இருந்த மரச் சட்டங்கள் உளுத்திருந்தன. கூரையின் நடுவில் பெரிய ஓட்டை; அது துருவால் அல்ல. அந்தக் காலத்தில் கூரையின் நடுப்பகுதியைத் துணியால்தான் மூடினார்கள், அது எப்போதோ போய்விட்டது.

அப்பா மண்டியிட்டுக் கதவின் அடிப்பகுதியைத் தடவினார். இங்கே ஒரு பேட்ச், அங்கே ஒரு பேட்ச், தூணின் கீழே புதுத் தகடு... விரலால் கோடு போட்டபடியே கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் சொல்வதெல்லாம் சரி. இரண்டு குளிர்காலம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். கோடு போட்டுக்கொண்டிருந்த விரல் நடுங்க ஆரம்பித்தது. அதை அவரும் பார்த்தார், மகளும் பார்த்தார்.

மெல்லிய தகட்டு வேலை மகளுக்குத் தெரியாது. டிங்கரிங் கடையில் கொடுத்தால் கூலி, பாடி விலையைத் தாண்டிவிடும். விற்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு அப்பாவே முதலில் வண்டியில் போய் ஏறினார். வருத்தமான பயணம்தான். ஆனால், அவர் பாடி விஷயத்தில் நிஜமாகவே முடிவெடுக்க ஆரம்பித்தது அந்த மூன்று மணி நேரத்தில்தான் என்று தோன்றுகிறது. வீடு வந்து சேர்வதற்குள் அவர் கேட்ட கேள்வி இது: “நல்ல ஃபைபர்னா எப்படி இருக்கும்?”

மூன்றாவது, புதிதாகச் செய்து கொடுக்கும் ஓர் இடம். போவதற்கு முன்பு இருவரும் ஒரு காகிதத்தில் கேள்விகள் எழுதினார்கள். பாதி மகளுடையவை: பாயைக் கையால் விரிக்கிறீர்களா? என்ன ரெசின்? கதவின் கீல் எதில் மாட்டியிருக்கிறது, ஃபைபரிலா இரும்பிலா? மீதி அப்பாவுடையவை. அவற்றில் ஒன்று மிக முக்கியமானது. மட்கார்டு இல்லாமல் ஓட்டும்போது 1932 ஃபோர்டின் சேஸிஸ் சட்டம் வெளியே அப்படியே தெரியும். அதன் பக்கவாட்டில் ஒரு வளைவுக் கோடு ஓடும். பாடியின் கீழ்விளிம்பு அந்தச் சட்டத்தின்மேல் சீராகப் படிந்து உட்கார வேண்டும். கால் அங்குலம் பிசகினாலும் தெருவில் போகிறவனுக்குக்கூட கண்ணில் படும். அதனால் தன் சேஸிஸை ஆறு இடங்களில் அளந்து எழுதி எடுத்துப் போனார். நடுங்கும் கையில் டேப்பின் ஒரு முனை, மறுமுனை மகளிடம்.

அங்கே பாடியின் உள்ளே சதுர இரும்புக் குழாய்களாலான கூடு ஒன்று ஃபைபரோடு பதிந்து ஒட்டியிருந்தது. கீலும் பூட்டும் அந்த இரும்பில்தான் மாட்டியிருந்தன. அப்பா உள்ளே தலையை விட்டு வெல்டிங்கைப் பார்த்தார். ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம். வெளியே வந்து, “வெச்சவன் வேலை தெரிஞ்சவன்” என்றார். மகள் நாணயத்தால் தட்டி முடித்தார். டொக் எங்கும் இல்லை.

அடுத்த சிக்கல், எந்த வடிவம்? நகல் பாடிகளில் இதுதான் வேடிக்கை. அசலை அப்படியே எடுக்கலாம், கூரையை மூன்று அங்குலம் வெட்டித் தாழ்த்தியதைப்போலவும் எடுக்கலாம், கதவை நீளமாக்கலாம். அப்பாவின் மனதில் இருந்தது ஐந்து ஜன்னல். அதன் கதவு சாதாரணக் கார் மாதிரி முன்பக்கம் கீல் வைத்தது. காட்சிக்கு நின்ற பாடியில் ஏறி உட்காரப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. பக்கத்தில் மூன்று ஜன்னல் கூப் ஒன்று நின்றது. அதற்குக் கீல் பின்பக்கம். கதவு எதிர்த்திசையில் திறக்கும். முதலில் இடுப்பை வைத்து உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே இழுத்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்தார். இறங்கினார். மறுபடி உட்கார்ந்தார்.

ஐம்பது வருட ஆசை ஐந்து ஜன்னலிலிருந்து மூன்று ஜன்னலுக்கு மாறியது இப்படித்தான். ஓடும்போது திறந்துகொண்டால் அந்தக் கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு போகும் என்பதால், இரண்டு கட்டமாகப் பூட்டும் நவீன லாக் வேண்டும் என்று மகள் கறாராகச் சொன்னார். கூரையை வெட்ட வேண்டாம் என்று அப்பா கறாராகச் சொன்னார். தொப்பி போட்டு ஓட்ட வேண்டுமாம். ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு பதிவு அலுவலகத்திலும் விசாரித்துக்கொண்டார்கள். காகிதத்தில் இது 1932 காரா, புதிதாகக் கட்டிய வண்டியா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கலிஃபோர்னியாவில் இப்படிக் கட்டிய வண்டிகளுக்கான ஒரு சலுகைச் சான்று வருடத்துக்கு 500 பேருக்கு மட்டும்தான். பாடி வந்து இறங்கியபிறகு இதையெல்லாம் விசாரிப்பவர்கள் அழுதுகொண்டுதான் விசாரிக்க வேண்டும்.

ஏப்ரலில் பாடி வந்தது. அதை இறக்கியதுமே உப்புத்தாளை எடுத்த அப்பாவின் கையைப் பிடித்து மகள் நிறுத்தினார். அச்சின் மெழுகு இன்னும் மேலே ஒட்டியிருக்கும். கழுவாமல் தேய்த்தால் மெழுகு உள்ளே ஏறி, பின்னால் பெயின்ட் ஒட்டாது. முதலில் கழுவினார்கள். பிறகு சேஸிஸில் ஏற்றி, போல்ட்டுக்குப் போல்ட் மெல்லிய ரப்பர் துண்டும் தகடும் கொடுத்து மட்டம் பார்த்தார்கள். பாடி உட்காரும் விதத்தைப் பொறுத்துத்தான் கதவின் இடைவெளி மாறும். சேஸிஸில் ஏற்றாமல் கதவைச் சரிசெய்வது வீண் வேலை. அந்த மூன்று வாரமும் யார் முதலாளி, யார் உதவியாளர் என்று சொல்ல முடியாத நிலை. பாடிக்கு மேலே மகள்; பாடிக்குக் கீழே அப்பா. தூசு அரிக்காமல் இருக்க முழுக்கைச் சட்டை, மாஸ்க், வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியல் என்று மகள் போட்ட சட்டத்தை முனகிக்கொண்டே பின்பற்றினார்.

பெயின்ட்டில்தான் கடைசிச் சண்டை. அவருக்குக் கறுப்பு வேண்டும். டியூஸ் என்றால் கறுப்பு. மகள் முடியாது என்றார். புது ஃபைபர் இன்னும் முழுசாக இறுகியிருக்காது. வெயிலில் நிற்க நிற்கக் கொஞ்சம் சுருங்கும். அவசரப்பட்டுக் கறுப்பு அடித்தால் கறுப்பு வெயிலை வாங்கிச் சூடேறும், உள்ளே இருக்கும் இழைகளின் பின்னல் பெயின்ட்டுக்கு மேலே ரேகை ரேகையாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு கோடைக்காலம் முழுக்க வெயிலில் நிற்க வேண்டும். பிறகு தேய்த்து, பிறகு கறுப்பு.

“ஒரு கோடை முழுக்கவா?” என்றார் அப்பா. 74 வயதில், நடுங்கும் கையோடு இருப்பவரிடம் ஒரு கோடையைக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. மகளுக்கும் அது தெரியும். காற்றாலை என்றால் அவர் ஒரு நாள்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். இங்கே என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

வழி சொன்னது அம்மா. சினிமா பார்த்த புதிதில் அப்பா காட்டிய பத்திரிகைப் படங்களில் பாதிக் கார்கள் பெயின்ட்டே அடிக்காமல் சாம்பல் நிறத்தில்தானே ஓடின என்று கேட்டார். உண்மைதான். பழைய ஹாட் ராட்காரர்கள் காசு சேரும்வரை பிரைமரோடுதான் ஓட்டுவார்கள். மகள் யோசித்தார். சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். எபாக்ஸி பிரைமர் அடித்தால் தாங்கும். வெளிர் சாம்பல் என்றால் சூடும் குறைவு. நிறுத்தி வெயில் காட்டுவதற்குப் பதில், ஓட்டியே வெயில் காட்டலாம்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டிலிருந்து வண்டி வெளியே வந்தது. இன்ஜின் ஒரே திருகில் பிடித்தது. ஆனால் பின்விளக்கு எரியவில்லை. ஹாரன் அடிக்கவில்லை. மகள் வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பார்த்தார். பின்விளக்கு, ஹாரன் இரண்டின் எர்த் வயரையும் இரும்புக் கார் பழக்கத்தில் நேராக பாடியில் முறுக்கியிருந்தார் அப்பா. ஃபைபரில் கரன்ட் எப்படிப் போகும்?

“பிளாஸ்டிக்குப்பா” என்றார் மகள்.

“ஃபைபர்” என்று திருத்தினார் அப்பா.

சேஸிஸ்வரை தனியாக ஒரு வயர் இழுத்தபிறகு எல்லாம் எரிந்தது. கதவைத் திறந்து, முதலில் இடுப்பை வைத்து, பிறகு கால்களை இழுத்துக்கொண்டார். தொப்பி கூரையில் இடிக்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் கை நடுங்கியது. வண்டி முழுவதுமே நடுங்கிக்கொண்டிருந்ததால், எது இன்ஜின், எது கை என்று மகளுக்குத் தெரியவில்லை. ஹேவ்லாக் கடைத்தெரு வழியாகப் பணிமனை கேட் வரை போய்த் திரும்பினார்கள். வழியில் பழைய சகா ஒருவர் நிறுத்தி, பாடியின் பக்கவாட்டில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அப்பா ஜன்னலை இறக்கி, “முட்டியால தட்டினா தெரியாது, காசு எடுத்துத் தட்டு” என்றார்.